‘டக்’ சத்தமும் ஒரு பின்னல் பட்டையும்

சிங்கப்பூர்ச் சாலைகளில் பழைய கார் தென்படுவது அபூர்வம். 1990 முதல் நடைமுறையில் இருக்கும் வாகன உரிமைச் சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன் விலை அண்மை ஆண்டுகளில் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியும் போயிருக்கிறது. பத்தாண்டு முடிந்ததும் பெரும்பாலான கார்கள் பழைய இரும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடும். இதையெல்லாம் கடந்து ஒரு கார் 35 வயதை எட்டினால் ‘கிளாசிக்’ என்ற தனித் திட்டத்தின்கீழ் அதைப் பதிவு செய்யலாம். ஆண்டுச் சாலை வரி 310 வெள்ளி. ஆனால் சாலையில் ஓட்ட அனுமதி ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே. 1940-க்கு முன் தயாரான ‘வின்டேஜ்’ கார்களுக்கு இன்னும் குறைவு, 28 நாள்.

அதாவது ஒரு மோரிஸ் மைனரோ ஃபோக்ஸ்வாகன் பீட்டிலோ ஆண்டில் 320 நாள் சும்மா நிற்கிறது. பழைய கார் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். அதிலும் சிங்கப்பூரின் காற்றில் எப்போதும் ஈரம். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. இரவிலும் வெப்பம் 23 டிகிரிக்குக் கீழே அரிதாகத்தான் இறங்கும். லெட்-ஆசிட் பேட்டரியின் மின்சாரம் தானாக வடியும் வேகம், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ரேடியோ நினைவுக்கோ அலாரத்துக்கோ 50 மில்லி ஆம்பியர் போய்க்கொண்டிருந்தால் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி கணக்காகிறது. 40 ஆம்பியர்-மணி பேட்டரி ஏறத்தாழ ஒரு மாதத்தில் காலி. காலியாகவே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் இறுகிப் படிந்தபின் எந்த சார்ஜரும் அதை முழுதாக மீட்காது.

ஆனாலும் நின்ற கார் கிராங்க் ஆகாததற்கெல்லாம் பேட்டரிமேல் பழி போடுவது சரியல்ல. சென்னை புதுப்பேட்டையில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக உழைத்து ஓய்வுபெற்ற ஒருவர் சிராங்கூன் சாலை அருகே உள்ள மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது, இதைக் கண்ணால் பார்க்கும்படி நிரூபித்தார்.

மகளின் சக ஊழியர், முப்பது வயதைத் தாண்டிய சிங்கப்பூர்த் தமிழர், 1967-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000 ஒன்றை வைத்திருக்கிறார். தாத்தா காலத்து வண்டியின் மாடல் அது என்பதற்காகவே தேடிப் பிடித்து வாங்கி, பாடியைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்து, உள்ளிருக்கை மாற்றி, ஆசையாக வைத்திருந்தார். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். “ஸ்டார்ட்டர் போய்விட்டது, இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டும்” என்று ஒரு பட்டறையில் சொல்லியிருந்தார்கள்.

“அங்கிள், புது ஸ்டார்ட்டருக்கு ஆர்டர் போடட்டுமா?” என்று போனில் கேட்டார் உரிமையாளர்.

“வேணாம் தம்பி. செல்ஃபே அடிக்கலையா, இல்ல செல்ஃப் சுத்தியும் எஞ்சின் எடுக்கலையா?”

முதல் கேள்வியே பாதி வழியைக் கடத்திவிடுகிறது. செல்ஃப், அதாவது ஸ்டார்ட்டர், சுற்றியும் எஞ்சின் எடுக்கவில்லை என்றால் பெட்ரோல், பிளக், காயில், பாயின்ட் என்று தேட வேண்டும். செல்ஃபே சுற்றவில்லை என்றால் அவற்றில் எதையும் தொட வேண்டியதில்லை. பேட்டரி, கனமான கேபிள், சாவி ஸ்விட்ச், சாலினாய்டு (ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் மின்காந்த ஸ்விட்ச்), ஸ்டார்ட்டர் மோட்டார், எர்த் என்று ஆறே இடங்கள். வரிசையாகப் பார்த்தால் குறை அகப்பட்டே தீரும்.

மறுநாள் காலை இருவரும் தேக்காவில் சந்தித்தார்கள். பஃபலோ சாலையில் வெற்றிலைக் கட்டும் முருங்கைக்காயும் இறங்கிக்கொண்டிருந்தன. டன்லப் ஸ்திரீட் வழியாகக் குறுக்கே நடந்தால் ஜாலான் புசார் வந்துவிடும். அந்த வட்டாரத்தில் சுங்கை ரோடு சந்தை இருந்த இடத்தைப் பார்க்கப் பெரியவருக்கு ஆசை. 1930-களிலிருந்து பழைய சாமான்களுக்குப் பேர்போன அந்தத் தெருச்சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடப்பட்டது. பழைய ஸ்பேனரும் ரேடியோவும் கைக்கடிகாரமும் தார்ப்பாயில் பரப்பி விற்ற இடம். புதுப்பேட்டையில் ஒவ்வொரு கடை வாசலிலும் டைனமோவும் ஆர்மேச்சரும் குவிந்து கிடப்பதைப் பார்த்தே வளர்ந்தவருக்கு, இப்படி ஒரு சந்தை இல்லாமல் போனது வருத்தம்தான். பழைய வண்டியைக் காப்பாற்ற நினைக்கும் ஊருக்குப் பழைய சாமான் விற்கும் தெருவும் வேண்டும்.

நல்லவேளையாகச் சிம் லிம் டவர் இருக்கிறது. ஜாலான் புசார் 10-ஆம் எண் கட்டடம். ரிலே, ஃப்யூஸ், ஒயர், டெர்மினல், மீட்டர் என்று மின்னணுச் சாமான்களுக்கே பெயர்பெற்ற கடைகள் அங்கே உண்டு. ஊரில் பெரியவர் காலமெல்லாம் பயன்படுத்தியது டெஸ்ட் லேம்ப், அதாவது இரண்டு ஒயர் பொருத்திய ஒரு பல்பு. இங்கே ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டார். சென்னை பாடியில் உள்ள லூகாஸ் டிவிஎஸ் கம்பெனியைப் பற்றி அங்கிருந்து பேச்சு தொடங்கியது. 1961-இல் இங்கிலாந்தின் லூகாஸும் மதுரையின் டிவிஎஸ்ஸும் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம் அது. அதன் ஸ்டார்ட்டரையும் டைனமோவையும் ஆயிரக்கணக்கில் பிரித்து மாட்டிய கை இவருடையது. மோரிஸ் மைனரிலும் லூகாஸ் ஸ்டார்ட்டர்தான். அம்பாசடரே மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ் வழி வந்த வண்டி. ஆகவே கடல் கடந்து வந்தும் அவருக்கு அந்த எஞ்சின் அறை புதிதல்ல.

கார் நின்றது சிராங்கூன் கார்டன்ஸில் உரிமையாளரின் பெற்றோர் தரைவீட்டு முகப்பில். பானெட்டைத் திறந்ததும் பேட்டரியை உற்றுப் பார்த்த பெரியவர் சொன்னார்: “தம்பி, இது பாசிட்டிவ் எர்த் வண்டி. சிவப்பு முனைதான் பாடிக்குப் போகுது. இது தெரியாம யாராச்சும் ஜம்ப் கேபிள் போட்டாங்களா?” யாரும் போடவில்லை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இப்படித்தான். இன்றைய கார்களில் நெகட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும். பழக்கதோஷத்தில் கறுப்பு கிளிப்பைப் பாடியில் மாட்டினால் நேராக ஷார்ட் சர்க்யூட். மற்றொரு காரிலிருந்து மின்சாரம் வாங்கும்போது பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவுக்கு நெகட்டிவ் என்று மாட்டுவதோடு இரண்டு கார்களின் உலோகமும் ஒன்றையொன்று தொடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மீட்டரை எடுக்குமுன் அவர் கேட்டது கிராங்க் ஹேண்டிலை. முன் பம்பருக்குக் கீழே உள்ள ஓட்டை வழியாக அதைச் செருகலாம். கியரை நியூட்ரலில் போட்டு, இக்னிஷனை அணைத்து, கட்டை விரலை மடக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து மெல்ல மேலே இழுத்தார். எஞ்சின் திருப்பி உதைத்தால் கட்டை விரலும் மணிக்கட்டும் உடையும் என்பது பழைய லாரி டிரைவர்களுக்கு மனப்பாடம். 1912-ஆம் ஆண்டு மாடல் காடிலாக்கில் சார்ல்ஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் வரும்வரை கார்காரர்களுக்கு இதுதான் வழி. சிங்கப்பூருக்கு 1896-இல் முதலில் வந்திறங்கிய பென்ஸையும் கையால் சுழற்றித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. மைனரின் எஞ்சின் கைக்கு எளிதாகச் சுற்றியது. இரண்டு சுற்றில் நான்கு கம்ப்ரஷன் கைக்குத் தெரிந்தது. எஞ்சின் இறுகவில்லை, சிலிண்டருக்குள் தண்ணீர் ஏறவில்லை. பெரிய பயம் ஒன்று அங்கேயே தீர்ந்தது.

பிறகு பேட்டரி. 12.5 வோல்ட். முழு சார்ஜில் 12.6-க்கு மேல் காட்டும், 12.0-க்கு வந்துவிட்டால் கால் பங்குதான் மிச்சம். முந்தைய இரவு சார்ஜ் போட்டிருந்ததால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஹெட்லைட்டைப் போடச் சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். ‘டக்’. விளக்கு கொஞ்சமும் மங்கவில்லை. புதுப்பேட்டை முதல் பர்மிங்காம் வரை எல்லா எலக்ட்ரீஷியனும் செய்யும் சோதனை இது. செலவே இல்லாதது, ஆனால் சொல்வதோ நிறைய. விளக்கு அடியோடு அணைந்தால் பேட்டரி காலி, அல்லது அதன் முனைப் பிடிப்பு சரியில்லை. விளக்கு நன்றாக மங்கி மோட்டார் நின்றபடியே முனகினால், மின்சாரம் போகிறது, மோட்டாரால் சுழல முடியவில்லை. பெண்டிக்ஸ் பற்சக்கரம் ஃப்ளைவீலில் சிக்கியிருக்கலாம். பழைய லூகாஸ் ஸ்டார்ட்டரின் பின்முனையில் ஒரு சதுரத் தண்டு உண்டு. ஸ்பேனரால் திருப்பினால் சிக்கல் விடும். விளக்கு மங்கவே இல்லை என்றால் மோட்டாருக்குப் போதிய மின்சாரம் போகவில்லை என்று பொருள்.

மைனரில் நடந்தது மூன்றாவது. சாலினாய்டின் அடியில் ரப்பர் மூடிய ஒரு பொத்தான் இருக்கும். அதை விரலால் அழுத்தினால் சாவியும் மெல்லிய ஒயரும் இல்லாமலே ஸ்டார்ட்டர் சுற்ற வேண்டும். அழுத்தினார். அதே ‘டக்’. ஆக, சாவி ஸ்விட்ச் குற்றவாளி அல்ல. சாலினாய்டின் இரண்டு தடித்த முனைகளிலும் மீட்டரை வைத்து அழுத்தினார். 12-இல் நின்ற எண் பூஜ்யத்துக்கு இறங்கியது. உள்ளே காண்டாக்ட் சேர்கிறது, சாலினாய்டும் தப்பித்தது.

அடுத்து அவர் செய்ததுதான் இந்தத் தொழிலின் சாரம். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் எர்த் முனையில், மற்றொன்று எஞ்சின் பிளாக்கில் சுரண்டிய ஓர் இடத்தில். “அடி தம்பி.” சாவி திரும்பியதும் மீட்டர் 10 வோல்ட்டைத் தாண்டியது. அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டவே கூடாது. பேட்டரியின் 12 வோல்ட்டில் பத்துக்கு மேல் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவிலேயே செலவாகிறது. ஸ்டார்ட்டருக்குக் கிடைப்பது ஏறக்குறைய இரண்டு. அதைக் கொண்டு அது எப்படிச் சுற்றும்?

இதைச் சும்மா நிற்கும் காரில் அளந்து கண்டுபிடிக்க முடியாது. ஒரு கேபிளில் ஒரே ஒரு செம்பு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் முழு 12 வோல்ட்டைக் காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் மின்சாரம் அற்பம். ஸ்டார்ட்டரோ நூறு, நூற்றைம்பது ஆம்பியர் கேட்கும். 150 ஆம்பியர் ஓடும் வழியில் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் போய்விடும். அந்தச் சிறு தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவால் நம்பிக்கையாகப் பிடிக்கவும் முடியாது. சுமை ஏறும்போது வோல்ட் எங்கே விழுகிறது என்று பார்ப்பது ஒன்றே வழி.

“சோக் கேபிளைத் தொட்டுப் பாரு” என்றார். தொட்ட வேகத்தில் கையை எடுத்தார் உரிமையாளர். சுட்டது. எஞ்சின் ரப்பர் மவுன்ட்டுகளில் உட்கார்ந்திருப்பதால் பாடியோடு அதற்கு நேரடி உலோகத் தொடர்பு இல்லை. அந்தத் தொடர்புக்கென்றே பின்னல் பட்டை ஒன்று போட்டிருப்பார்கள். அது போய்விட்டால் மின்சாரம் சோக் கேபிள், ஆக்ஸிலேட்டர் கம்பி என்று கிடைத்த வழியிலெல்லாம் ஓடிப்பார்க்கும். கேபிள் புகைந்து எரிந்த வண்டிகளும் உண்டு. சாலினாய்டும் ஹெட்லைட்டும் பாடியிலேயே எர்த் ஆவதால் அவை ஒழுங்காக வேலை செய்தன. பட்டறையில் ஸ்டார்ட்டர்மேல் சந்தேகம் விழுந்ததற்கும் அதுவே காரணம்.

ஜம்ப் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரியின் சிவப்பு எர்த் முனையிலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் மாட்டி, காயில் ஒயரைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். ஸ்டார்ட்டர் கணீரென்று சுற்றியது.

வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திக் கீழே பார்த்தபோது கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் பட்டை கண்ணில் பட்டது. பின்னலில் பாதி பச்சையாய்ப் பூத்து அறுந்திருந்தது. பாடியில் சேரும் முனையோ புதுப் பெயின்டின் மேலேயே போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. அழகுபடுத்திய கையே வண்டியை நிறுத்தியிருக்கிறது. மறுசீரமைத்த பழைய கார்களில் அடிக்கடி வரும் குறை இது. பெயின்ட் புதிதான வண்டியில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எல்லாக் காரும் இப்படியே இருக்காது. பின்பக்க எஞ்சின் கொண்ட பழைய பீட்டிலில் காலையில் சரியாக எடுக்கும் ஸ்டார்ட்டர், நெடுந்தூரம் ஓடி நின்றபின் ‘டக்’ என்றுகூடச் சொல்லாது. எஞ்சின் சூடு சாலினாய்டில் ஏறி, இக்னிஷன் ஸ்விட்ச் வழியாகச் சுற்றி வரும் நீண்ட மெல்லிய ஒயரில் மின்சாரம் இளைத்துவிடும். நடுவில் ஒரு ரிலே போட்டால் தீரும். 1976 முதல் 1985 வரை வந்த மெர்சிடிஸ் டபிள்யூ123 ஆட்டோமேட்டிக்கில் கியர் லீவரை ‘பி’யிலிருந்து ‘என்’னுக்கு நகர்த்திப் பார்க்க வேண்டும். லீவரோடு சேர்ந்த பாதுகாப்பு ஸ்விட்ச் தேய்ந்திருந்தால் அப்போது சட்டென்று எடுக்கும். 1966 வரை வந்த பீட்டில்கள் பெரும்பாலும் 6 வோல்ட். அங்கே மின்சாரம் இரட்டிப்பாக ஓட வேண்டியிருப்பதால் ஒவ்வொரு முனையும் பளிச்சென்று இருந்தே ஆக வேண்டும்.

மாலையில் ஜாலான் புசாரின் ஹார்டுவேர் கடையில் தடித்த செம்புப் பின்னல் பட்டையும் லக்குகளும் வாங்கினார்கள். பாடியில் ஒரு வெள்ளி நாணய அகலத்துக்குப் பெயின்டைச் சுரண்டி, உலோகம் மின்னும்வரை எமரித் தாளால் தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, அதன்பின் மேலே வாஸ்லின் தடவினார் பெரியவர். தடவிவிட்டு இறுக்கக் கூடாது, இறுக்கிவிட்டுத் தடவ வேண்டும் என்று உரிமையாளரையே ஒரு போல்ட்டை மாட்டச் சொல்லிக் காட்டினார். மறுபடி அதே அளவு எடுத்தபோது மீட்டர் 0.15 வோல்ட் காட்டியது.

சூட்டில் ஒருமுறை நிறுத்தி எடுத்துப் பார்க்காமல் வேலை முடிந்ததாகப் பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. 45 நாளில் ஒன்றைச் செலவழித்துக் கிளம்பினார்கள். தேக்கா முனையில் தொடங்கும் புக்கிட் தீமா சாலை, கால்வாயை ஒட்டி வடமேற்கே நீள்கிறது. பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் அப்பர் புக்கிட் தீமா சாலையில் பழைய ஃபோர்டு தொழிற்சாலை. பழைய காரில் போய்ப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் தீவில் இல்லை.

ஃபோர்டு மலாயா 1926-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. பெட்டிகளில் வந்த பாகங்களைக் கோத்துக் காராக்கும் வேலை. 1941 அக்டோபரில் புக்கிட் தீமாவில் திறந்த இந்தக் கட்டடம், தென்கிழக்காசியாவில் ஃபோர்டின் முதல் கார் பொருத்தும் ஆலை. ஏறத்தாழ நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் இங்கேதான் ஜப்பானியத் தளபதி யமாஷிதாவிடம் சரணடைந்தார். போருக்குப்பின் மீண்டும் கார்கள் வெளிவந்தன. 1980-இல் ஆலை மூடப்பட்டது. 2006 பிப்ரவரியில் தேசிய நினைவுச் சின்னமானது. ஆலை மூடியபின் சிங்கப்பூரில் மீண்டும் கார் தயாராக, ஹூண்டாய் 2023-இல் ஜூரோங்கில் மையம் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டுக்கு மேலான அந்த இடைவெளியில், வண்டியைக் கோர்க்கவும் பிரிக்கவும் தெரிந்த ஒரு தலைமுறையே ஓய்வு பெற்றுவிட்டது. இன்று ஆலையில் உள்ள அருங்காட்சியகத்தின் பெரும்பகுதி போரையும் ஆக்கிரமிப்பையும் பேசுகிறது, அது நியாயமே. அங்கே நின்று போல்ட் இறுக்கிய தொழிலாளர்களின் கதைக்கும் இன்னும் கொஞ்சம் இடம் தரலாம்.

பார்த்துவிட்டு வெளியே வந்து, சூடு இறங்காத எஞ்சினில் சாவியைத் திருப்பினார் உரிமையாளர். ஒரே திருப்பில் எடுத்தது. திரும்பும் வழியெல்லாம் அவர் கேட்டுக்கொண்டே வந்தார்: பேட்டரிக்கு கட்-ஆஃப் ஸ்விட்ச் போடலாமா, மாதம் எத்தனை முறை சார்ஜ் போட வேண்டும், கேபிளை எப்போது மாற்ற வேண்டும். கட்-ஆஃப் போடலாம். வண்டி நிற்கும் காலத்தில் மின்னளவைத் தானே கட்டுப்படுத்தும் சிறு சார்ஜரை மாட்டியே வைக்கலாம். கேபிளின் உறை கெட்டியாகி, லக் அருகே செம்பு கறுத்திருந்தால் யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு காரியம் செய்யலாம். அடுத்தமுறை வண்டி ‘டக்’ என்று மட்டும் சொன்னால், ஸ்டார்ட்டருக்குப் பணம் அனுப்புமுன் பேட்டரியின் எர்த் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மீட்டரை வைத்து, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் எர்த் பட்டையைக் கழற்றுங்கள்.